ஊதிப் பார்க்கும் சோதனை: வடசென்னை நோயாளிகளுக்கும் உடன் வருவோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

காசிமேட்டிலிருந்து வந்த பெரியவருக்கு வயது 61. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமந்தே காலம் ஓடியிருந்தது. பதினாறு வயதில் பழகிய பீடி அன்றும் சட்டைப் பையில் இருந்தது. வேறோர் ஆய்வகத்தில் ஊதிப் பார்த்த தாளைக் கொண்டுவந்திருந்தார். நுரையீரல் சுருங்கியிருக்கலாம் என்று அதில் அச்சாகியிருந்தது. அந்த ஒரு வரிக்காகக் கடன் வாங்கி சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தார்கள். ஸ்கேனில் சுருக்கமும் இல்லை, தழும்பும் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது மட்டும் அப்படியே இருந்தது.

தாளில் இருந்த கோட்டைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. அவர் இரண்டே விநாடிகளில் ஊதுவதை நிறுத்தியிருந்தார். "நிறுத்தாதீர்கள், இன்னும் ஊதுங்கள்" என்று எதிரே இருந்தவர் விரட்டியிருக்கவில்லை. நாங்கள் மறுபடியும் ஊத வைத்தோம். ஆறாவது முயற்சியில்தான் சரியாக வந்தது. அவருக்கு இருந்தது சுருக்கம் இல்லை, மூச்சுக்குழாய் அடைப்பு. நோயின் பெயர் மாறியது, மருந்தும் மாறியது.

நுரையீரல் செயல்திறன் சோதனை அறையில் பல ஆண்டுகளாக ஊத வைப்பதே என் வேலை. மருத்துவர்கள் இதை ஸ்பைரோமெட்ரி என்பார்கள், சீட்டில் பி.எஃப்.டி. என்று எழுதுவார்கள், நம் மக்கள் ஊதுகிற டெஸ்ட் என்பார்கள். ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினால் போதும், எக்ஸ்ரேக்கு அசையாமல் நின்றால் போதும். இங்கே நீங்கள் உழைக்க வேண்டும், எதிரில் இருப்பவர் உங்களை உழைக்க வைக்க வேண்டும். இருவரில் ஒருவர் தளர்ந்தாலும் தாளில் அச்சாவது உங்கள் தயக்கத்தின் அளவுதான். அதனால்தான், வீட்டிலிருந்து கிளம்புவது தொடங்கி அடுத்த ஆண்டுச் சோதனை வரை ஒவ்வொரு படியையும் எழுதுகிறேன்.

யார் ஊதிப் பார்க்க வேண்டும்

எண்ணூர், மணலி, திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் என்று எந்தப் பகுதியிலிருந்து வந்தாலும் பேச்சில் புகையோ தூசியோ வந்துவிடும். அனல்மின் நிலையச் சாம்பல், கண்டெய்னர் லாரிகளின் டீசல் புகை, குப்பைமேட்டு நெருப்பு, போகியன்று எரியும் டயர். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் நின்றது. அதற்கு முன்பு ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் மொட்டைமாடியில் காயவைத்த துணியில் கரி படிந்ததைப் பலரும் இன்றும் சொல்கிறார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மூச்சுத் திணறலோடு மக்கள் ஓடியதை நாடே பார்த்தது.

இவ்வளவு இருந்தும், பத்து ஆண்டுகளாக இன்ஹேலர் இழுக்கிறவர் ஒருமுறைகூட ஊதிப் பார்க்காமல் இருக்கிறார். இது எனக்குப் பொறுக்கவில்லை. சர்க்கரையை அளக்காமல் சர்க்கரை மாத்திரை தருவோமா? ஆஸ்துமாவிலும், பீடி சிகரெட்டால் வரும் நாள்பட்ட அடைப்பின் ஆரம்ப காலத்திலும் எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பில் விசில் சத்தம் கேட்காத நாளும் உண்டு. அடைப்பு இருக்கிறதா, எவ்வளவு, மருந்துக்கு விடுகிறதா என்பதை ஊதிப் பார்த்தால்தான் எண்ணாகச் சொல்ல முடியும்.

வாரக்கணக்கில் இருமல், இளைப்பு, இரவில் நெஞ்சில் விசில், நடந்தால் மூச்சு வாங்குதல் என்று எது இருந்தாலும் மருத்துவரிடம் "ஊதிப் பார்க்கலாமா" என்று கேளுங்கள். 35 வயதைக் கடந்த பீடிக்காரர்கள், வெல்டிங், வார்ப்படம், சுமை தூக்குதல், பெயின்ட் போன்ற வேலைகளில் இருப்பவர்கள், பல ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்த அம்மாக்கள், காசநோய்க்கு மருந்து முடித்தும் மூச்சு வாங்குகிறவர்கள் ஆகியோரும் கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னவர்களை மறந்துவிடுகிறோம். காசநோய்க் கிருமி செத்த பிறகும் அது விட்டுப்போன தழும்பும் அடைப்பும் தங்கிவிடும். எக்ஸ்ரேயில் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு மறுபடியும் காசநோய் என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு. சளிப் பரிசோதனையும் ஊதும் சோதனையும் சேர்ந்தால்தான் குழப்பம் தீரும்.

ஸ்டான்லி, ராஜீவ் காந்தி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் காட்டினால் தேவைக்கேற்ப எழுதித் தருவார்கள். சீட்டில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதல்முறை ஊதுகிறவருக்கு, மருந்து கொடுப்பதற்கு முன்பும் பின்பும் என இரண்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் மருத்துவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது ஊதக்கூடாதவர்கள்

முழு வேகத்தில் ஊதும்போது நெஞ்சு, வயிறு, கண், மூளை எல்லாவற்றிலும் ஒரு கணம் அழுத்தம் ஏறும். அதனால் அண்மையில் மாரடைப்பு வந்தவர், கண் அறுவை செய்துகொண்டவர், காதிலோ சைனஸிலோ அறுவை செய்துகொண்டவர் குறைந்தது ஒரு வாரமாவது தள்ளிப்போட வேண்டும். மூளை, நெஞ்சு, வயிறு ஆகியவற்றில் அறுவை நடந்திருந்தால் நான்கு வாரம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருப்பவர், சளியில் ரத்தம் வருபவர், ரத்தக்குழாய் வீக்கம் இருப்பவர், ரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருப்பவர், பேறுகாலம் நெருங்கிய கர்ப்பிணி ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் ஊதக் கூடாது. கண்புரை அறுவையைச் சொல்ல மறப்பவர்கள் ஏராளம். கண்ணுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் முதலில் சளியைப் பரிசோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஊதும்போதும் இருமும்போதும் கிருமி அறை முழுவதும் பரவும். உங்களுக்கு அடுத்து அதே நாற்காலியில் உட்காரப்போவது ஒரு குழந்தையாக இருக்கலாம்.

முந்தின நாள்: எந்த மருந்தை நிறுத்துவது

நோயைக் கண்டுபிடிப்பதற்காக முதல்முறை ஊதுகிறீர்கள் என்றால், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து உடலில் இருக்கக் கூடாது. இருந்தால் அடைப்பு மறைந்துவிடும். சால்பூட்டமால் போன்ற உடனடி நிவாரண இன்ஹேலரை 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன்பு நிறுத்த வேண்டும். இப்ராட்ரோபியம் என்றால் 12 மணி நேரம். பார்மோட்டரால் அல்லது சால்மெட்டரால் கலந்த இன்ஹேலருக்கும் ரோட்டாகேப்புக்கும் 24 மணி நேரம். நாளுக்கு ஒருமுறை மட்டும் இழுக்கும் புதிய வகைகளுக்கு 36 மணி நேரம், டியோட்ரோபியம் என்றால் 36 முதல் 48 மணி நேரம் வரை. ஸ்டீராய்டு மட்டும் உள்ள இன்ஹேலரை நிறுத்தத் தேவையில்லை. டெரிபிலின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைப் பற்றிக் குறிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மணிக்கணக்கைவிட முக்கியமான ஒன்று உண்டு. நிறுத்திய பிறகு மூச்சுத் திணறினால் யோசிக்காமல் இன்ஹேலரை இழுங்கள். சோதனையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். வந்தவுடன் "விடிகாலை 5 மணிக்கு இரண்டு முறை இழுத்தேன்" என்று சொன்னால் போதும், தாளில் எழுதிவிடுவோம். திட்டுவார்களோ என்று பயந்து மறைக்கிறார்கள். மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். நோய் ஏற்கெனவே தெரிந்து, மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அனுப்பியிருந்தால் வழக்கமான மருந்தை எடுத்துக்கொண்டே வரச் சொல்வார்கள். அதனால் சீட்டு எழுதும்போதே கேட்டுவிடுங்கள்.

சளி, காய்ச்சல் வந்து ஓய்ந்த சில வாரங்களில் அளவுகள் இறங்கித் தெரியும். அவசரம் இல்லையென்றால் தேறிய பிறகு ஊதுவதே நல்லது.

காலையில் கிளம்பும்போது

வெறும் வயிற்றோடு வர வேண்டாம். மயக்கம் வரும். இரண்டு இட்லி போதும். வயிறு முட்டச் சாப்பிட்டால் உதரவிதானம் இறங்க இடம் இருக்காது, மூச்சு அரைகுறையாகத்தான் இழுபடும். குறைந்தது ஒரு மணி நேரத்துக்குப் பீடி, சிகரெட் கூடாது. மது அருந்தி 8 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தால் பத்து நிமிடம் உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொள்ளுங்கள்.

இறுக்கமான பெல்ட், இறுக்கிக் கட்டிய லுங்கி, பாவாடை நாடா எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். தளர்த்திக்கொள்ளுங்கள். வாயில் மாவா, வெற்றிலைப் பாக்கு இருந்தால் துப்பிக் கொப்பளித்துவிட்டு வர வேண்டும். இழுக்கும்போது தூள் தொண்டைக்குள் போனால் இருமலே மிஞ்சும். பல்செட் கழன்றுவிடாமல் பொருந்தியிருந்தால் போட்டுக்கொண்டே ஊதலாம். உதடு மூடுவதற்கு அது உதவும். ஆடினால் கழற்றிவிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். முழு பலத்தோடு ஊதினால் சிறுநீர் கசியும் என்ற பயம் பலருக்கு உண்டு. கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா மூன்று முறையும் பாதியிலேயே நிறுத்தினார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. உடன் வந்த மகனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதும் காதருகே சொன்னார். கழிவறைக்குப் போய்வந்து, ஒரு துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த முறையே ஏழு விநாடி ஊதினார். ஊதுவதற்கு முன் கழிவறைக்குப் போய்வாருங்கள். ஆண்கள் முன்னால் ஊதக் கூச்சமாக இருந்தாலும், பர்தாவைத் தளர்த்தத் தனிமை வேண்டுமென்றாலும் வாய்விட்டுக் கேளுங்கள்.

உயரம், வயது: இங்கேதான் முதல் தவறு நடக்கும்

உங்கள் அளவு நல்லதா குறைவா என்று கருவி எப்படிச் சொல்கிறது? உங்கள் வயது, உயரம், பாலினத்தில் இருக்கும் ஆரோக்கியமான ஒருவருக்கு எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டு அதோடு ஒப்பிடுகிறது. அதனால் உயரத்தை வாயால் கேட்டு எழுதிக்கொள்ளக் கூடாது. செருப்பைக் கழற்றி, சுவரோடு குதிகால் ஒட்டி நின்று அளக்க வேண்டும். நிற்க முடியாதவருக்கும் முதுகு வளைந்தவருக்கும் இரு கைகளையும் விரித்து விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்து கணக்கிடுவோம். வயதைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நம் பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் பிறந்தநாள் ஜனவரி 1 என்றிருக்கும். தோராயமான வயதுதான் அது. எந்த வயதைச் சொன்னாலும் ஒவ்வொரு முறையும் அதையே சொல்லுங்கள். இல்லாவிட்டால் நுரையீரல் மாறாமலேயே சதவீதம் மாறும்.

ஒப்பிடும் கணக்கும் பல வகை. சென்னையில் ஆரோக்கியமான இளம் வயதினரை ஊதவைத்து எடுத்த அளவுகள் 1990-ல் வெளியாயின. 2012-ல் 3 வயது முதல் 95 வயது வரைக்குமான உலகளாவிய கணக்கு வந்தது. எந்தக் கணக்கு என்பது தாளின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டு இடங்களில் ஊதிய தாள்களை ஒப்பிடும்போது சதவீதத்தை விட்டுவிட்டு லிட்டர் அளவைப் பாருங்கள். எந்தக் கணக்கோடு ஒப்பிட்டாலும் லிட்டர் அளவு மாறாது.

ஊதும் முறை

கைப்பிடி உள்ள நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும், கால்மேல் கால் கூடாது. மூக்கில் ஒரு கிளிப் போடுவோம். வாயில் வைக்கும் குழாயும் வடிகட்டியும் ஒவ்வொருவருக்கும் புதிது. கண்முன்னே பிரித்து எடுக்கிறார்களா என்று பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நாங்களும் அன்று காலை 3 லிட்டர் ஊசிக்குழல் ஒன்றால் கருவியைச் சரிபார்த்திருக்க வேண்டும். 3 லிட்டர் காற்றைத் தள்ளினால் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் பிழையில்லாமல் காட்ட வேண்டும்.

குழாயைப் பல்லுக்கு நடுவே வைத்து உதட்டால் சுற்றிலும் மூடுங்கள். நாக்கு குழாயின் துளையை அடைக்கக் கூடாது. உள்ளே எவ்வளவு முடியுமோ அவ்வளவு இழுங்கள். தோள் உயரும், விலா விரியும், இனி இடமில்லை என்று தோன்றும். அங்கே இரண்டு விநாடிக்கு மேல் நிறுத்தாமல் வெடித்ததுபோல் வெளியே தள்ளுங்கள். பலூன் ஊதுவதுபோலக் கன்னத்தை உப்பி ஊதக் கூடாது. அடுப்புத் தணலை மெல்ல ஊதுகிற பழக்கத்திலும் ஊதக் கூடாது. தொண்டை திறந்தபடி, அடிவயிற்றிலிருந்து, ஒரே தள்ளல்.

பிறகுதான் கடினமான பகுதி. காற்று தீர்ந்துவிட்டது என்று இரண்டாவது விநாடியிலேயே தோன்றும். தீர்ந்திருக்காது. குழாய் சுருங்கியவர்களுக்குக் காற்று மெல்லமெல்லக் கசிந்துதான் வரும். "இன்னும், இன்னும், விடாதீர்கள், தள்ளுங்கள்" என்று நாங்கள் கத்துவது கோபத்தில் அல்ல. திரையில் கோடு இன்னும் ஏறிக்கொண்டிருப்பது எங்களுக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியாது. ஒரு விநாடி முழுவதும் 25 மில்லிகூட ஏறாமல் கோடு படுத்துவிட்டால்தான் முடிந்தது. அல்லது 15 விநாடி ஆகியிருக்க வேண்டும். முடிந்ததும் குழாயை எடுக்காமல் ஒரே மூச்சில் மறுபடி உள்ளே இழுங்கள். தொண்டைப் பகுதியில் அடைப்பு இருந்தால் அந்த உள்மூச்சில்தான் தெரியும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள், ஓய்வெடுத்துத் தொடரலாம். முதல் ஒரு விநாடிக்குள் இருமினால் அந்த முயற்சி செல்லாது. தயங்கித் தொடங்கினாலும் செல்லாது. சரியான மூன்று முயற்சிகள் வேண்டும். அவற்றில் மிகச் சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு எட்டு முயற்சிக்கு மேல் கேட்பதில்லை. அதற்குள் வராவிட்டால் இன்னொரு நாள். "போதும் தங்கச்சி, என்னால் முடியாது" என்று நான்காவது முறையில் சொன்ன காசிமேட்டுப் பெரியவரிடம், "ஐயா, ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது கடைசியாக ஒரு தம் பிடிப்பீர்களே, அந்த மூச்சு வேண்டும்" என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

பிள்ளைகள் ஐந்தாறு வயதிலிருந்து ஊதலாம். திரையில் மெழுகுவத்திகளை அணைக்கும் விளையாட்டு சில கருவிகளில் இருக்கும். அம்மா பக்கத்தில் நின்று கூட ஊதினால் இன்னும் நன்றாக வரும்.

மருந்து இழுத்துவிட்டு மறுபடி

அடுத்ததாக, இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழலை வைத்து சால்பூட்டமால் நான்கு முறை, ஒவ்வொன்றும் 100 மைக்ரோகிராம், தனித்தனியாக இழுக்கச் சொல்வோம். 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத வேண்டும். கை லேசாக நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் மருந்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் டீ குடிக்கவோ பீடி பிடிக்கவோ வெளியே போய்விடாதீர்கள். இரண்டாவது முறை களைத்துப்போய் ஏனோதானோ என்று ஊதினால் நான்கு இழுப்பும் வீண்.

தாளைப் படிக்கும் வரிசை

நோய் என்ன என்று முடிவுசெய்வது மருத்துவர். ஆனால் உங்கள் தாளில் என்ன இருக்கிறது என்று நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் கேள்வி கேட்க முடியும்.

எண்ணைப் பார்ப்பதற்கு முன் படத்தைப் பாருங்கள். ஒரு படத்தில் கோடு விறுவிறுவென ஏறி மேலே தட்டையாகப் படுத்திருக்கும். படுக்காமல் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெட்டுப்பட்டிருந்தால் ஊதுவது பாதியில் நின்றிருக்கிறது. இன்னொரு படம் பாய்மரப் படகின் பாய் போலிருக்கும். செங்குத்தாக ஏறி, கூர்முனையிலிருந்து நேராகச் சரிந்து இறங்கினால் நல்ல மூச்சு. சரிவு உள்வாங்கிக் காற்றிழந்த பாய்போலத் தொய்ந்திருந்தால் அடைப்பு. பாய் தன் வடிவம் கெடாமல் குறுகிச் சிறுத்திருந்தால் சுருக்கம். மேலும் கீழும் சீவிவிட்டதுபோல் பெட்டியாக இருந்தால் மூச்சுக்குழலில் ஒரு நிலையான இறுக்கம் இருக்கலாம். நாள்கணக்கில் செயற்கை சுவாசக் குழாய் வைத்திருந்தவர்களிடம் இதைப் பார்க்கலாம். சில கருவிகள் ஊதிய தரத்துக்கு ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் அச்சிடும். ஏ, பி என்றால் நம்பலாம்.

பிறகு மூன்று எண்கள். எஃப்.வி.சி. என்பது முழுதாக இழுத்து முழுதாக ஊதிய மொத்தக் காற்று. எஃப்.இ.வி.1 என்பது அதில் முதல் ஒரு விநாடியில் வெளிவந்த பங்கு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் விகிதம். லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-ல் தண்ணீரில் மிதக்கும் உருளையை வைத்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஊதச் செய்து மொத்தக் காற்றை அளந்தார். பிரான்சின் டிஃப்பனோ 1947-ல் முதல் விநாடியின் முக்கியத்துவத்தைச் சொன்னார். அடைப்பைக் கண்டுபிடிக்கும் சாவி அந்த ஒரு விநாடியில்தான் இருந்தது.

காசிமேட்டுப் பெரியவரின் தாள்களையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு எதிர்பார்க்கப்பட்ட எஃப்.வி.சி. 3.20 லிட்டர். முதல் தாளில் 2.10, அதாவது 66 சதவீதம். எஃப்.இ.வி.1 1.55. வகுத்தால் 0.74. விகிதம் நன்றாக இருக்கிறது, மொத்தம் குறைந்திருக்கிறது, ஆகவே சுருக்கம் என்று கருவி எழுதிவிட்டது. எங்களிடம் ஊதியபோது எஃப்.வி.சி. 2.72, எஃப்.இ.வி.1 1.58, விகிதம் 0.58. முதல் விநாடி ஏறக்குறைய அதேதான். மீதியை ஊதாமல் விட்டதால் வகுக்கும் எண் சிறுத்து, விகிதம் பொய்யாக உயர்ந்திருந்தது. மருந்துக்குப் பிறகு 2.80, 1.66, 0.59. மருந்து போட்ட பிறகும் விகிதம் 0.70-க்குக் கீழே இருப்பதும், பீடி பிடித்த வரலாறும், மூச்சு வாங்குவதும் சேர்ந்தால் சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட அடைப்பு நோய். அவருடைய எஃப்.இ.வி.1 எதிர்பார்த்த 2.45-ல் 68 சதவீதம். 80-ம் அதற்கு மேலும் லேசானது, 50 முதல் 79 வரை நடுத்தரம், 30 முதல் 49 வரை கடுமை, அதற்கும் கீழே மிகக் கடுமை.

இதற்கு எதிராக, வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவிக்கு எஃப்.இ.வி.1 மருந்துக்கு முன் 1.50, பின் 1.95. 450 மில்லி கூடியிருக்கிறது, நூற்றுக்கு முப்பது. 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் மருந்துக்கு விட்டுக்கொடுக்கும் அடைப்பு என்பது நெடுநாள் வழக்கம். 2021-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், எதிர்பார்க்கும் அளவில் 10 சதவீதத்துக்கு மேல் கூட வேண்டும் என்கிறது. எப்படிக் கணக்கிட்டாலும் அவருக்கு ஆஸ்துமா இருப்பதற்கான வலுவான அடையாளம் அது. எட்டு மாதமாக அவர் இருமல் மருந்தையே மாற்றிமாற்றிக் குடித்திருந்தார்.

விகிதம் நன்றாக இருந்து, முழுதாக ஊதியும் எஃப்.வி.சி. குறைந்திருந்தால் சுருக்கம் இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும், இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஊதி முடித்த பின்னும் உள்ளே தங்கும் காற்றை ஸ்பைரோமீட்டர் அளப்பதில்லை. இந்த ஒரு வரியை மறந்துதான் தேவையில்லாத ஸ்கேன்கள் எடுக்கப்படுகின்றன.

எல்லாம் சாதாரணம் என்று வந்தாலும் ஆஸ்துமா இல்லை என்று ஆகிவிடாது. இரவில் இளைத்து, பகலில் தெளிந்திருக்கும் நேரத்தில் ஊதினால் தாளும் தெளிவாகத்தான் வரும். அறிகுறி இருக்கும் நாளில் மறுபடி ஊதலாம். ரத்தசோகை, இதயக் கோளாறு, உடல் பருமன் ஆகியவற்றாலும் மூச்சு வாங்கும் என்பதையும் மருத்துவர் பார்ப்பார்.

கூடுதலாக எழுதப்படும் சோதனைகள்

டி.எல்.சி.ஓ. என்று எழுதியிருந்தால், மிகச் சிறிய அளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து 10 விநாடி பிடித்து விட வேண்டும். காற்றுப் பையிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று அது காட்டும். அன்று பீடி பிடித்திருந்தால் அளவு கெடும். ரத்தசோகை இருந்தாலும் குறைத்துக் காட்டும், ஆகவே அண்மைய ஹீமோகுளோபின் அளவைக் கொண்டுவாருங்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைப்பது உள்ளே தங்கும் காற்றையும் சேர்த்து மொத்தக் கொள்ளளவை அளப்பதற்கு. மூடிய இடம் பயம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். ஆறு நிமிட நடைச் சோதனைக்குச் சேலையோ லுங்கியோ தடுக்காத உடையும் பழகிய செருப்பும் போதும்.

வீட்டில் ஊதுவது

பீக் ஃப்ளோ மீட்டர் என்ற கையடக்கக் குழாய் ஸ்பைரோமெட்ரிக்கு ஈடாகாது. ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கும், வேலையிடத்தால் இளைப்பு வருகிறதா என்று சந்தேகிப்பவர்களுக்கும் அது பெரிய துணை. நின்றபடி, முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, முழுதாக இழுத்து, ஒரே வெடிப்பில் ஊதுங்கள். மூன்றில் மிக உயர்ந்ததை எழுதுங்கள். இங்கே நீளமாக ஊத வேண்டியதில்லை.

மணலியிலோ திருவொற்றியூரிலோ பட்டறையில் வேலை செய்கிறவர், வேலை நாளிலும் விடுமுறை நாளிலுமாக நாளுக்கு நான்கு முறை என நான்கு வாரம் எழுதி வர வேண்டும். திங்கள் முதல் சனி வரை சரிந்துகொண்டே போய், விடுமுறையில் ஏறுகிறதா என்று அந்தத் தாளே சொல்லிவிடும். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்குத் தெரியும். அந்த நோட்டை முதலாளியிடம் காட்ட வேண்டியதில்லை. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறைக்கு

சிறிய கருவிகள் வெப்பத்தில் அச்சாகும் தாளில் தருகின்றன. ஒரு கோடையில் எழுத்து மங்கிவிடும். அன்றே நகல் எடுங்கள், கைபேசியிலும் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவையுங்கள். 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் பீரோவோடு பழைய தாள்களை இழந்தவர்கள் பலர். தாளின் பின்புறம் மூன்றை எழுதுங்கள்: கடைசியாக எந்த மருந்தை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், அன்று சளி இருந்ததா, பீடி விட்டு எத்தனை மாதம்.

மருந்து தொடங்கியவர்கள் ஓரிரு மாதத்தில் ஒருமுறையும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறையும் ஊதிப் பார்க்கலாம். முடிந்தால் அதே கருவியில், அதே நேரத்தில்.

காசிமேட்டுப் பெரியவர் ஓராண்டு கழித்து வந்தார். பீடியை விட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது. உட்கார்ந்ததும் தானே மூக்குக் கிளிப்பைக் கேட்டு வாங்கினார். மூன்று முயற்சியில் முடிந்துவிட்டது. மருந்துக்குப் பின் எஃப்.இ.வி.1 1.63. "போன வருடம் 1.66 என்று சொன்னாயே தங்கச்சி, இறங்கிவிட்டதே" என்று முகம் வாடினார். 30 மில்லி என்பது புகைக்காதவருக்கும் அந்த வயதில் ஓராண்டில் ஏறக்குறைய குறைவதுதான் என்று சொன்னேன். அவர் தாளை மடித்து, ரேஷன் அட்டை இருந்த பிளாஸ்டிக் உறையில் பழைய இரண்டு தாள்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு எந்த மாதம் வர வேண்டும் என்று கேட்டார்.